எட்டுநாள் கடிகாரமும் பெயர்ப்பலகை இல்லாத பாய் கடையும்

சாவி கொடுக்கும் பழைய சுவர்க்கடிகாரத்தைச் சரிசெய்ய இந்தப் பக்கத்தில் இன்னும் ஆள் இருக்கிறாரா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருக்கிறார். புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவர் உட்கார்ந்தால் நாம் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். "வாட்ச் பாய் கடை எங்கம்மா?" என்று கேட்டால் சந்து முனையில் இருக்கும் பூக்காரம்மா தலையை நிமிர்த்தாமலே கையைக் காட்டுவார். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. ஒன்று ஏன் குறைந்தது என்பது போகப் போக வரும்.

முதலில் கடிகாரம். ஜெர்மன் ஜங்ஹான்ஸ், ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் ரகம். மரப்பெட்டி, உள்ளே பித்தளைக் குண்டு போட்ட பெண்டுலம். அப்பா 1958இல் மஞ்சக்குப்பத்தில் ஒரு பங்களா ஏலத்தில் எடுத்தது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போவதற்கு முன் ஸ்டூல் போட்டு ஏறி அவரே சாவி கொடுப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் அடித்தபோது கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு ஓடு பாதி போய்விட்டது. மழைத்தண்ணீர் சுவரோடு இறங்கிக் கடிகாரத்துக்குள் புகுந்தது. அதற்கப்புறம் அது பரணில்தான் கிடந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அதைக் கீழே இறக்கினேன். முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். நாலு மாதம் வைத்திருந்துவிட்டு, "இந்த மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு செல் மெஷின் வச்சுடலாம் சார், முந்நூறு ரூபாதான்" என்றார்கள். வேண்டாம் என்று திருப்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாவியைக் காணோம். கேட்டால், "நீங்க குடுக்கவே இல்லையே" என்றார்கள். சரி, போகட்டும்.

பாய் கடைக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகாத்மா காந்தி ரோட்டுச் சண்டே மார்க்கெட்டில் பழைய சாவி ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். பழைய பூட்டு விற்கிற பையன்தான் வழி சொன்னான். பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பின்பலகையைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தார். அப்புறம் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று.

"அச்சு நிக்கிற ஓட்டையெல்லாம் அகண்டு போச்சு, புஷ் போடணும். பெண்டுலக் கம்பி துரு. ஸ்பிரிங் நல்லாருக்கு. ரெண்டு மாசம் ஆகும். ஆனா ஒண்ணு சார், ஒரு நாளைக்கு அரை நிமிஷம் முன்னப்பின்ன ஓடும். அதுக்குச் சம்மதம்னா வச்சுட்டுப் போங்க."

முப்பத்து நாலு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனிடம் அரை நிமிடம் முன்னப்பின்ன என்று சொல்லிச் சம்மதம் கேட்டவர் அவர் ஒருவர்தான். வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் என்றது மூன்று மாதம் ஆனது. போன் அடித்தால் எடுக்க மாட்டார். நேரில் போனால் வெள்ளிக்கிழமை மதியம் கடை சாத்தியிருக்கும், நான் இரண்டு தடவை சரியாக வெள்ளிக்கிழமையே போய் ஏமாந்தேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மூன்றாவது தடவை போனபோது என் கடிகாரம் அவர் தலைக்கு மேல் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து இருபது நாள் ஆகிவிட்டதாம். "ஓட விட்டுப் பாக்காம குடுக்க மாட்டேன்" என்றார். மாற்றிய பழைய உதிரிகளை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார். புதுச் சாவியும் அவரே ராவிச் செய்திருந்தார். மொத்தம் 2,800 ரூபாய். பணமாகத்தான் வாங்குவார், பில் கிடையாது.

எடுத்து வரும்போது ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். பெண்டுலக் குண்டுக்கு அடியில் ஒரு சின்ன நட்டு இருக்கும். அதைக் கீழ்ப்பக்கம் திருகினால் குண்டு இறங்கும், கடிகாரம் மெதுவாகும். மேலே ஏற்றினால் வேகமாகும். "ஒரு சுத்துக்கு மேல திருகாதீங்க. திருகிட்டு ஒரு வாரம் கைய வைக்காதீங்க." இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பணியில் இருந்தபோது தினமும் 16 மணிக்குக் கண்ட்ரோல் (வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கிற ரயில்வே அலுவலகம்) போனில் நேரம் கொடுப்பார்கள். காதில் வைத்துக் கேட்டு, ஸ்டேஷன் கடிகாரத்தைச் சரிசெய்து, டைரியில் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் விடவில்லை. ஜனவரி 25ஆம் தேதி கடிகாரம் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் செல்போனை ஒரு கையில் வைத்துக்கொண்டு, எத்தனை நொடி முந்தியது, எத்தனை நொடி பிந்தியது என்று நோட்டில் குறித்தேன். நாலு மாதக் கணக்கு இருக்கிறது. வீட்டம்மா இதற்கு வைத்த பெயர் 'நாலு மணிச் சந்தியாவந்தனம்'.

கணக்கு சொன்ன கதை இது. முதல் வாரம் நாளுக்கு 50 நொடி முந்தியது. நட்டை இறக்கினேன். பிப்ரவரியில் சராசரியாக நாளுக்கு 2 நொடி முந்தல். எண்பது வயசு மெஷினுக்கு இது தங்கம். சாவி கொடுத்த சனிக்கிழமை ஸ்பிரிங் இறுக்கமாக இருப்பதால் ஒரு மாதிரி ஓடும், வெள்ளிக்கிழமை தளர்ந்து வேறு மாதிரி ஓடும். அதெல்லாம் வாரக் கணக்கில் அடிபட்டுப்போகிறது. ஏப்ரல் பாதியில் கடிகாரம் முந்துவதை நிறுத்திவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் நாளுக்கு 2 நொடி பிந்த ஆரம்பித்தது. நான் நட்டைத் தொடவே இல்லை.

மே மாதக் கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது வெயில் சார். கம்பி நீண்டிருக்கு. மார்கழியில தானா சரியாயிடும்."

அவர் சொன்னது கணக்குக்கும் ஒத்துவருகிறது. இரும்புக் கம்பி ஒரு டிகிரிக்கு லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீளும். நம் ஊரில் தை மாதத்துக்கும் அக்னி நட்சத்திரத்துக்கும் சராசரியில் ஏழு டிகிரி வித்தியாசம் வைத்துக்கொண்டால் நாளுக்கு ஏறக்குறைய 4 நொடி வரும். என் நோட்டில் இருப்பதும் 4 நொடிதான்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "நீங்க எதோட ஒத்துப் பாத்தீங்க?"

"செல்போனோட."

"அது எதோட ஒத்துப் பாக்குது?"

"டெல்லியில அணுக்கடிகாரம் இருக்கு பாய், தேசிய இயற்பியல் ஆய்வகத்துல."

"அது?"

நான் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது சுண்ணாம்பாறு தாண்டுகிற வரை அந்த 'அது?' காதில் இருந்தது. ஸ்டேஷன் கடிகாரத்துக்குக் கண்ட்ரோல். கண்ட்ரோலுக்கு டெல்லி. டெல்லிக்குப் பாரிஸ், உலக நேரத்தைக் கணக்குப் பார்க்கிற அலுவலகம் அங்கேதான். அதற்கு மேலே? நான் படித்த காலத்தில் வாத்தியார் சொன்னது, பூமி ஒரு முறை சுற்றினால் ஒரு நாள், அதில் 86,400இல் ஒரு பங்கு ஒரு நொடி. அதாவது கடைசிக் கடிகாரம் பூமி. அந்தப் பூமிக் கடிகாரம் சரியாக ஓடுகிறது என்று யார் பார்த்துச் சொன்னார்கள்?

யாரோ பார்த்திருக்கிறார்கள். அது சரியாக ஓடவில்லை என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது எப்படி என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கு உடனே விளங்கக்கூடிய விஷயம். ஒரு வண்டி மூன்று நிமிடம் லேட்டாக வந்தால் அது வண்டியின் தவறு. வருகிற எல்லா வண்டியும், இந்தப் பக்கத்து வண்டியும் அந்தப் பக்கத்து வண்டியும், மூன்று நிமிடம் லேட் என்றால் என் கடிகாரம்தான் மூன்று நிமிடம் முந்தி ஓடுகிறது. வானத்திலும் அதே கதை. சந்திரன் பழைய கணக்கை விடச் சற்று வேகமாகப் போகிறது என்று ஹாலி 1695லேயே சந்தேகப்பட்டார். வால்நட்சத்திரக்காரர் ஹாலிதான். ரொம்ப காலம் அதைச் சந்திரனின் கோளாறு என்றே நினைத்தார்கள். 1939இல் ஸ்பென்சர் ஜோன்ஸ் என்ற இங்கிலாந்து அரசு வானியலாளர் சந்திரன், சூரியன், புதன், வெள்ளி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். எல்லாமே அவரவர் வேகத்துக்குத் தக்கபடி ஒரே அளவு நேரத்துக்கு முந்தியோ பிந்தியோ வந்தன. எல்லா வண்டியும் சேர்ந்து தப்பு செய்யாது. ஸ்டேஷன் கடிகாரத்தில்தான் கோளாறு.

அதனால் 1967இல் நொடியைப் பூமியிடமிருந்து பிடுங்கி சீசியம் அணுவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அணுவின் ஒரு குறிப்பிட்ட அதிர்வு 9,192,631,770 முறை நடந்தால் ஒரு நொடி. பாய் கேட்ட 'அது?'வுக்கு இதுதான் விடை. அதற்கு மேலே கண்ட்ரோல் கிடையாது. உலகம் முழுக்கப் பல அணுக்கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து, சராசரி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

சரி, பூமிக்கு என்ன கோளாறு? நான் படித்தவரை, என் ஜங்ஹான்ஸுக்கு இருக்கிற கோளாறெல்லாம் அதற்கும் இருக்கிறது.

முதலாவது, உராய்வு. அச்சு நிற்கிற ஓட்டையில் அழுக்குச் சேர்ந்தால் சக்கரம் தேய்ந்து மெதுவாவது போல, பூமியைக் கடல் பிடித்து இழுக்கிறது. அமாவாசை பௌர்ணமிக்கு உப்பனாற்றில் ஓதம் ஏறி இறங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். துறைமுகத்தில் படகுகள் ஏறித் தாழும். அந்தத் தண்ணீர் மேட்டைச் சந்திரன்தான் தூக்குகிறது. ஆனால் பூமி சந்திரனை விட வேகமாகச் சுற்றுவதால் அந்த மேட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. முன்னால் போன மேட்டைச் சந்திரன் பின்னுக்கு இழுக்கிறது. ஆழமில்லாத கடல்களில் தண்ணீர் தரையை உரசுகிறது. இப்படிப் பூமியிடமிருந்து போகிற சுழற்சி சந்திரனுக்குச் சேர்கிறது. அது வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. இது ஊகம் இல்லை. அப்பல்லோ பயணத்தில் சந்திரனில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளின் மேல் லேசரை அடித்து அளந்தது. நம் கடற்கரையில் ஓதத்தின் உயரம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதனால் இந்த உராய்வில் கடலூரின் பங்கு சொற்பம்தான் என்று நினைக்கிறேன்.

இந்த உராய்வு மட்டும் இருந்தால் ஒரு நூற்றாண்டில் நாளின் நீளம் 2.3 மில்லிநொடி கூடும். ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உண்மையில் கூடுவது 1.7 அளவுக்குத்தான். அது ஏன் குறைகிறது என்பது அடுத்த கோளாறில் வரும். 1.7 மில்லிநொடி ஒரு விஷயமா என்று நானும் நினைத்தேன். ஆனால் இது இன்று ஒரு நொடி, நாளைக்கு இரண்டு நொடி, மறுநாள் மூன்று நொடி என்று பிந்திக்கொண்டே போகிற கடிகாரம் மாதிரி. பிழை சேர்ந்துகொண்டே வரும். கி.மு. 136இல் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததைக் களிமண் பலகையில் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். பூமி அன்றும் இன்று போலவே சுற்றியிருந்தால் அந்த நிழல் பாபிலோனில் விழுந்திருக்கவே முடியாது, எங்கோ மேற்கே போயிருக்கும். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல். இரண்டாயிரம் வருடத்தில் பூமிக் கடிகாரம் மூன்று மணி நேரம் தள்ளிப்போயிருக்கிறது. நாளுக்கு 2 நொடி முந்திய என் ஜங்ஹான்ஸை இதோடு ஒப்பிடவே கூடாது, அது அநியாயம். ஆனால் மனம் கேட்கவில்லை, ஒப்பிட்டேன்.

இரண்டாவது, குண்டு இறங்குவது. பெண்டுலமும் பூமியும் ஓடுகிற விதம் வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை இடம் மாறினால் வேகம் மாறும் என்கிற அளவுக்கு ஒற்றுமை உண்டு. எடை பூமியின் அச்சை விட்டு விலகினால் சுற்று மெதுவாகும், அச்சை நெருங்கினால் வேகமாகும். பனியுகத்தில் துருவத்துப் பக்கத்து நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் பனி உட்கார்ந்து அழுத்தியது. பனி போய்ப் பல ஆயிரம் வருடம் ஆகியும் அழுங்கிய நிலம் இன்னும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. மெத்தையிலிருந்து ஆள் எழுந்த பிறகு பஞ்சு எழும்புகிற மாதிரி. அதனால் பூமி கொஞ்சம் உருண்டையாகி, கொஞ்சம் வேகமாகிறது. 2.3 என்றது 1.7 ஆனதற்குப் பெரும் பங்கு இதுதான்.

இப்போது கிரீன்லாந்திலும் அன்டார்டிகாவிலும் பனி உருகுவது இதற்கு நேர் எதிர். துருவத்துத் தண்ணீர் கடலில் கலந்து நிலநடுக்கோட்டுப் பக்கம் பரவுகிறது. நட்டை நாமே கீழே திருகுகிறோம்.

இந்த வகையில் நம் ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் பாறை நகர்ந்ததால் ஒரு நாள் 2.68 மைக்ரோநொடி குறைந்திருக்க வேண்டும் என்று நாசாவில் கணக்கிட்டார்கள். மைக்ரோநொடி என்றால் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எந்தக் கருவியாலும் தனியாக அளந்து பிடிக்க முடியாத அளவு, கணக்கில் மட்டும் இருப்பது. அன்று தேவனாம்பட்டினத்தில் நின்றவன் நான். அந்த எண்ணை வாசித்துவிட்டு நோட்டை மூடி வைத்தேன்.

மூன்றாவது காற்று. இதுதான் எனக்கு ஆச்சரியம். வடக்கே குளிர்காலத்தில் மேலடுக்கில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று பலமாகிறது. காற்றுக்குக் கூடிய சுழற்சியைப் பூமிதான் கொடுக்க வேண்டும். கொடுத்த பூமி மெதுவாகிறது. ஆடி மாதப் பக்கம் திரும்பக் கிடைத்து வேகமாகிறது. வருடத்துக்குள்ளேயே நாளின் நீளம் இப்படி ஒரு மில்லிநொடி அளவுக்கு ஏறி இறங்குகிறது. பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாகிற எல் நினோ வருடத்தில் காற்று மாறுவதால் நாள் இன்னும் கொஞ்சம் நீளும். ஆக, என் கடிகாரம் அக்னி நட்சத்திரத்தில் பிந்துகிற மாதிரி, பூமிக் கடிகாரத்துக்கும் ஒரு சீசன் உண்டு. மார்கழியில் தானாகச் சரியாகும் என்று பாய் சொன்னது பூமிக்குப் பொருந்தாது, அதற்கு ஆடியில்தான் வேகம்.

நாலாவது, உள்ளே இருக்கிற எண்ணெய். நமக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அது மேலே இருக்கிற பாறையை எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. இருபது முப்பது வருடக் கணக்கில் நாள் சில மில்லிநொடி கூடுவதற்கும் குறைவதற்கும் அதுதான் காரணம் என்கிறார்கள். பின்பலகையைத் திறந்து பார்க்க முடியாத மெஷின்.

இதையெல்லாம் படித்த பிறகுதான் 2017 ஜனவரி 1ஆம் தேதி விடிகாலை ஞாபகம் வந்தது. விருத்தாசலம் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நைட் டூட்டி. அன்று நம் நேரம் 5 மணி 29 நிமிடம் 59 நொடிக்கு அடுத்தது 5.30 இல்லை. நடுவில் 60ஆவது நொடி என்று ஒன்றைச் செருகினார்கள். 'லீப் நொடி' என்று பேப்பரில் போட்டிருந்தான். பூமி வருடத்துக்கு ஒரு நொடி மெதுவாகிக்கொண்டே போகிறது, அதனால் சேர்க்கிறார்கள் என்று சக ஊழியர்களுக்கு நான் விளக்கம் வேறு கொடுத்தேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அணு நொடியின் அளவு, சுற்றிவளைத்துப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டுப் பூமியை ஒட்டி வைத்தது. அதற்கப்புறம் நாள் ஓரிரு மில்லிநொடி நீண்டுவிட்டது. நாளுக்கு 2 மில்லிநொடி பிந்தினால் ஐந்நூறு நாளில் ஒரு நொடி சேரும். சேர்ந்ததும் ஒரு நொடியைச் செருகி இரண்டையும் ஒத்துப்போகச் செய்கிறார்கள். நம் 16 மணிச் சிக்னல் மாதிரிதான். 1972 முதல் 1979 வரை எல்லா வருடமும் செருகினார்கள். மொத்தம் 27. நான் டூட்டியில் இருந்த அந்த விடிகாலைதான் இதுவரைக்கும் கடைசி.

அதற்கப்புறம் ஏன் இல்லை? பூமி வேகமெடுத்துவிட்டது. 2024 ஜூலை 5ஆம் தேதி, அணு நேரப்படி 86,400 நொடிக்கு 1.66 மில்லிநொடி முன்னாலேயே ஒரு சுற்றை முடித்தது. ஓதம் இழுக்கிறது, பனி உருகுகிறது, இருந்தும் வேகம். உள்ளே இருக்கிற இரும்புக் குழம்பின் வேலை. இப்படியே போனால் ஒரு நொடியைச் செருகுவதற்குப் பதில் எடுக்க வேண்டியிருக்கும், 59 நொடி நிமிடம். அப்படி ஒன்றை இதுவரை யாரும் செய்ததில்லை. 2024இல் வந்த ஒரு ஆய்வு, துருவப் பனி உருகுவது மட்டும் இல்லையென்றால் 2026லேயே அது தேவைப்பட்டிருக்கும், உருகுவதால் 2029 வரை தள்ளிப்போகிறது என்று கணக்குப் போட்டது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு இந்தச் செருகல் வேலையே பிடிக்கவில்லை. 2035க்குள் லீப் நொடியைக் கைவிடுவது என்று 2022இல் நாடுகள் கூடி முடிவெடுத்துவிட்டன. வித்தியாசம் சேர்ந்தால் சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம் என்பதுதான் முடிவு. எனக்கு இது உவப்பாக இல்லை. டைரியில் எழுதாமல் விடுகிற மாதிரி.

இந்த விஷயத்தில் புதுச்சேரிக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. பாய் கடையிலிருந்து கடற்கரைக்கு நடந்து போகும்போதெல்லாம் இப்போது அதுதான் நினைவு. லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி போவதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். 1761இல் ஊர் இங்கிலீஷ்காரன் கையில் போய்விட்டதால் நடுக்கடலில் கப்பலிலிருந்தே பார்த்தார். ஆடுகிற கப்பலில் பெண்டுலக் கடிகாரம் ஓடாது, நேரம் குறிக்க முடியவில்லை. எட்டு வருடம் இந்தப் பக்கத்திலேயே காத்திருந்து, புதுச்சேரியில் ஒரு கூடம் கட்டிக்கொண்டு, 1769 ஜூன் 4 விடிகாலைக்குத் தயாராக உட்கார்ந்தார். மே மாதம் முழுக்கத் தெளிவாக இருந்த வானம் அன்றைக்கென்று மூடிக்கொண்டது. ஜூன் மாதத்துப் புதுச்சேரி மேகத்தை அறிந்தவர்கள் அவருக்காக ஒரு பெருமூச்சு விடலாம்.

காத்திருந்த காலத்தில் அவர் உள்ளூர்த் தமிழர் ஒருவர் கிரகணம் கணிப்பதைப் பார்த்திருக்கிறார். காகிதம் இல்லை, பேனா இல்லை. சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி நகர்த்துவது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 நொடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் அன்று பெரிதாகப் பேசப்பட்ட, ஜெர்மன் வானியலாளர் மாயர் போட்ட சந்திர அட்டவணை 68 நொடி அதிகமாகக் காட்டியது. லெ ஜாந்தியே எழுதி வைத்த கணக்கு இது. இதை வீட்டம்மாவிடம் சொன்னேன். "அதான் நான் வாக்கியப் பஞ்சாங்கத்தை விடல" என்றாள். திருக்கணிதத்தோடு அது இன்று எத்தனை நாழிகை வித்தியாசப்படுகிறது என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. வீட்டில் சாப்பிட வேண்டுமே.

இன்னொன்று. ஐரோப்பாவில் சரியாக வைத்த பெண்டுலக் கடிகாரத்தை நம் பக்கம் கொண்டுவந்தால் நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்தும். பூமி சுற்றுவதால் நிலநடுக்கோட்டுப் பக்கம் புடைத்திருக்கிறது, இங்கே இழுவிசை சற்றுக் குறைவு. 1672இல் ரிஷே என்பவர் தென் அமெரிக்காவின் கயேன் ஊரில் இதைக் கண்டுபிடித்தார், அங்கே இரண்டரை நிமிடம். அப்படியென்றால் ஜெர்மனியிலிருந்து வந்த என் ஜங்ஹான்ஸை முதன்முதலில் கடலூரில் மாட்டியவர் யாரோ, அந்த நட்டை நன்றாகவே மேலே ஏற்றியிருக்க வேண்டும். இதைப் பாயிடம் சொன்னேன். "வெளிநாட்டு மெஷின் எல்லாம் இங்க வந்தா ஸ்லோதான், அத்தாவும் சொல்வாரு. ஏன்னு தெரியாது" என்றார்.

கடைக்கு வருவோம். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை பதினொன்றுக்கு முன் திறக்க மாட்டார். வெள்ளி மதியம் போகாதீர்கள். பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். மாட்டியபடியே பஸ்ஸில் கொண்டுபோனால் அது தொங்குகிற மெல்லிய தகடு முறிந்துவிடும். சொன்ன தேதியோடு ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். செல் மெஷின் கடிகாரம் கொண்டுபோனால் வாங்கவே மாட்டார், பக்கத்துக் கடையைக் காட்டுவார். வேலை சுத்தம். செய்யாததைச் செய்தேன் என்று சொல்கிற ஆள் இல்லை. மேல் கண்ணாடிக்குப் புது மக்கு வைக்கச் சொல்லியிருந்தேன், வைக்கவில்லை. கேட்டால், "அது ஆசாரி வேலை சார்" என்றார். நியாயம்தான், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மதிப்பெண்ணில் ஒன்று குறைந்தது மக்குக்காக இல்லை. மணி அடிக்கிற பக்கம் இன்னும் சரியாகவில்லை. முள் பன்னிரண்டுக்கு வருவதற்கு அரை நிமிடம் முன்னாலேயே அடித்துவிடுகிறது, மூன்று மணிக்கு சில நாள் நாலு அடிக்கிறது. ஜூலையில் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமையாக இல்லாத ஒரு நாளை இப்போதே காலண்டரில் சுழித்து வைத்துவிட்டேன்.